அளவுக்கு மேல் வளையும் மூட்டு: அடுத்து என்ன கேட்க வேண்டும்?

சில பிள்ளைகள் கட்டைவிரலை மடக்கி முன்னங்கையைத் தொட்டுக் காட்டுவார்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதிப்பார்கள். ஜனவரி முதல் வாரம் புதுச்சேரியில் நடக்கும் யோகா திருவிழாவில் இப்படி வளையும் பிள்ளைகளுக்குக் கைதட்டல் ஓயாது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கோ கேட்கவே வேண்டாம். சிதம்பரம் கோபுர வாசலில் 108 கரணச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உடம்பு வளைந்தால் அது கலை, அது பெருமை. அதில் எந்தத் தப்பும் இல்லை.

அதே பிள்ளை எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு வந்ததும் "முட்டி வலிக்குது, எழுதினா விரல் வலிக்குது" என்று சொல்ல ஆரம்பிக்கும். வீட்டில் "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்பார்கள். பள்ளியில் "எழுதச் சோம்பல்" என்பார்கள். கடலூரில் பிசியோதெரபி செய்கிறவன் என்ற முறையில் எனக்குள்ள ஆதங்கம் இதுதான்: சின்ன வயதில் கைதட்டு வாங்கிய வளைவுக்கும் இப்போதைய வலிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னும் சில குடும்பங்களில் அந்த வளைவு கண்ணையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லும் முதல் அடையாளமாக இருந்திருக்கும். அதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூட்டு வழக்கமான எல்லையைத் தாண்டி அசைவதை மருத்துவத்தில் ஹைப்பர்மொபிலிட்டி என்கிறார்கள். ஒரு மூட்டில் மட்டும் இருக்கலாம். உடம்பு முழுக்கவும் இருக்கலாம். உடம்பு முழுக்க இருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுவதும் பயன்படுவது பெய்ட்டன் அளவுகோல். மொத்தம் 9 மதிப்பெண். எந்தக் கருவியும் இல்லாமல் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

மேசை மேல் கையைப் படுக்க வைத்து, சுண்டுவிரலை மட்டும் மெல்ல மேலே தூக்க வேண்டும். 90 டிகிரிக்கு மேல் போனால் அந்தக் கைக்கு ஒன்று. அடுத்து மணிக்கட்டை மடக்கிக் கட்டைவிரலை முன்னங்கைப் பக்கம் கொண்டுவர வேண்டும், தொட்டால் ஒன்று. கையை நீட்டச் சொல்லும்போது முழங்கை நேராக நிற்காமல் 10 டிகிரிக்கு மேல் எதிர்ப்பக்கம் வளைந்தால் ஒன்று. நிற்கும்போது முழங்கால் அதே அளவுக்குப் பின்னால் போனால் ஒன்று. இந்த நான்கும் வலது, இடது என்று இரண்டு பக்கமும். கடைசியாக, முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கை தரையில் பட்டால் ஒன்று. பருவம் வராத பிள்ளைகளுக்கு 6, பருவம் வந்ததிலிருந்து 50 வயது வரை 5, அதற்கு மேல் 4 வந்தால் உடம்பு முழுக்க மூட்டுகள் நெகிழ்வாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறார்கள். வயது கூடக் கூட மூட்டு இறுகிவிடும் என்பதால்தான் அளவு குறைகிறது. பெரியவர்களிடம் "இப்ப வளையலைனா பரவாயில்ல, பத்து வயசுல வளைஞ்சதா?" என்றும் கேட்க வேண்டும்.

நான் பிள்ளைக்கு இதைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா தன் விரலையும் வளைத்துப் பார்ப்பார். "எனக்கும் இப்படித்தான் சார் வரும், எங்க ஆயாவுக்கும் வரும்" என்பார். என்னைப் பொறுத்தவரை பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணைவிட இந்தப் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுவோம். மூட்டு வளைவது மட்டுமே நோய் ஆகாது. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் மூட்டு இயல்பாகவே கூடுதலாக வளையும். ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் இது ஐரோப்பியர்களைவிட அதிகம் காணப்படுகிறது. வலி இல்லை, மூட்டு நழுவுவதில்லை, குடும்பத்தில் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை என்றால், அந்தப் பிள்ளை பரதநாட்டியம் ஆடட்டும், யோகா செய்யட்டும். மருந்தும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பெரும்பாலானவர்கள் இந்த வகைதான்.

மற்றவர்களைப் புரிந்துகொள்ள, மூட்டை எது கட்டிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டுவது லிகமெண்ட். மூட்டைச் சுற்றி ஓர் உறை. இரண்டுக்கும் பலம் தருவது கொலாஜன் என்ற புரதம். நம் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இதுதான். லிகமெண்ட்டில் மட்டுமல்ல, தோலில், எலும்பில், ரத்தக் குழாயின் சுவரில், குடலின் சுவரில், கண்ணில் என்று எங்கும் இருக்கிறது. இப்படி உடம்பின் உறுப்புகளைத் தாங்கி இணைத்துப் பிடிக்கும் பொருளைத்தான் இணைப்புத் திசு என்கிறோம்.

கொலாஜன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொன்னவர்களில் முன்னால் நிற்பவர்கள் சென்னைக்காரர்கள். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என்று எழுதினார்கள். 1955இல் அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று காட்டினார்கள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகுகளைக் கட்டும் முப்புரிக் கயிற்றைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். மூன்று புரியும் நெருக்கமாக முறுக்கேறியிருந்தால்தான் கயிறு இழுவைத் தாங்கும்.

கொலாஜன் இழையில் அந்த நெருக்கம் வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புரத இழை என்பது அமினோ அமிலங்கள் என்ற சின்ன மணிகளைக் கோத்த சரம். அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். அமினோ அமிலங்களிலேயே அதுதான் மிகச் சிறியது. மூன்று இழையும் சேரும் நடுப்பகுதியில் வேறு எதுவும் அடங்காது. மரபணுவில் ஓர் எழுத்து மாறி, கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடப் பெரிய ஒன்று வந்து உட்கார்ந்தால் அந்த இடத்தில் முறுக்கு கெடுகிறது. அது எந்தக் கொலாஜன் என்பதைப் பொறுத்துப் பாதிப்பும் மாறும். எலும்புக் கொலாஜனில் வந்தால் சின்னத் தடுமாற்றத்துக்கே எலும்பு முறியும். கண்ணின் வெள்ளைப் பகுதி நீலம் பாய்ந்து தெரியும். ரத்தக் குழாய்க் கொலாஜனில் வந்தால் குழாயே கிழியலாம். இந்த இரண்டிலும் மூட்டு தளர்ந்திருக்கலாம். மேலே தெரியும் அடையாளம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கோளாறு வெவ்வேறு.

எழுத்து மாறுவது மட்டும்தான் வழி என்றில்லை. புரதம் போதுமான அளவு உற்பத்தியாகாமல் போகலாம். உற்பத்தியான பிறகு அதைப் பதப்படுத்தும் நொதி இல்லாமல் போகலாம். கொலாஜனே அல்லாத வேறு புரதத்தில் பழுது இருக்கலாம். பரம்பரை இணைப்புத் திசுக் கோளாறுகள் என்று ஒரு பெரிய கூட்டமே இருப்பதற்கு இதுதான் காரணம்.

அதில் அதிகம் பேசப்படுவது எலர்ஸ்-டான்லோஸ். 1901இல் டென்மார்க்கின் எலர்ஸும் 1908இல் பிரான்சின் டான்லோஸும் விவரித்ததால் இந்தப் பெயர். 2017இல் வந்த சர்வதேசப் பட்டியல் இதை 13 வகையாகப் பிரித்தது. இவற்றில் மிக அதிகமாகக் காணப்படுவது மூட்டு நெகிழ்வு வகை. மற்ற வகைகளுக்கு மரபணு தெரியும். இதற்கு மட்டும் உறுதியான மரபணு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால் ரத்தம் எடுத்து "இருக்கு, இல்லை" என்று சொல்ல முடியாது. மருத்துவர் உட்கார்ந்து கேட்டு, தொட்டுப் பார்த்து, மற்ற நோய்கள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் முடிவுக்கு வர வேண்டும். வலி, நழுவல் எல்லாம் இருந்தும் இந்த வகைக்கென்று வகுத்த விதிகளுக்குள் முழுதாக அடங்காதவர்களுக்கு மூட்டு நெகிழ்வுத் தொகுதிக் கோளாறு என்று தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வேறானாலும் படும் கஷ்டம் குறைவில்லை. செய்ய வேண்டிய சிகிச்சையும் பெரும்பாலும் ஒன்றுதான்.

இவர்களின் கஷ்டம் மூட்டோடு நிற்பதில்லை. தோள்பட்டை திரும்பத் திரும்ப நழுவும். கொட்டாவி விட்டால் தாடை பிசகும். கணுக்கால் அடிக்கடி பெரண்டுகொள்ளும். தட்டினாலே தோலில் நீலம் கட்டும். பல் டாக்டர் போடும் மரத்துப்போகும் ஊசி சிலருக்குச் சரியாகப் பிடிக்காது. "ஊசி போட்டும் வலிக்குது" என்று பிள்ளை சொன்னால் நம்ப வேண்டும். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது சிலருக்குக் கண் இருட்டும், நெஞ்சு படபடக்கும். படுத்திருந்து எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித் துடிப்பு நிமிடத்துக்குப் பெரியவர்களுக்கு 30, வளரிளம் பிள்ளைகளுக்கு 40 துடிப்பாவது கூடி, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல், இந்தத் தொந்தரவு மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதற்குத் தனியே ஒரு பெயரும் சிகிச்சையும் இருக்கின்றன. "காலைல சாப்பிடாம வந்திருப்பா" என்று ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுவது நியாயமில்லை.

அடுத்தது மார்ஃபான். பாரிஸ் குழந்தை மருத்துவர் மார்ஃபான் 1896இல் ஒரு சிறுமியைப் பற்றி எழுதியதிலிருந்து இந்தப் பெயர். ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இங்கே பழுது கொலாஜனில் அல்ல, ஃபிப்ரில்லின் என்ற புரதத்தில். ஆள் உயரமாக, ஒல்லியாக இருப்பார். விரல்கள் நீளம். இரண்டு கையையும் விரித்தால் வரும் அகலம் உயரத்தைவிடக் கூடுதல். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடினால், சுண்டுவிரல் பக்கத்தில் நகம் வெளியே எட்டிப் பார்க்கும். மறுகையின் மணிக்கட்டைப் பிடித்தால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். நெஞ்சுக்கூடு குழிந்தோ புடைத்தோ இருக்கலாம். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். கண் லென்ஸ் இடம் மாறி, பெரும்பாலும் மேல்நோக்கி நகர்ந்திருக்கலாம். இவற்றில் எதுவும் உயிரை எடுக்காது. உயிரை எடுப்பது, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மெல்ல மெல்ல விரிந்து ஒருநாள் கிழிவதுதான்.

அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். 1986 ஜனவரியில் ஜப்பானில் நடந்த ஒரு ஆட்டத்தில், மாற்று வீராங்கனைகளின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து இறந்துபோனார். வயது 31. பெருந்தமனி கிழிந்திருந்தது; காரணம் மார்ஃபான் என்பது இறந்த பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தபோது அவருக்கும் அதே நோய் இருப்பது தெரிந்து, அறுவை சிகிச்சை செய்தார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலம் வலை கட்டி வாலிபால் ஆடாத ஊர் குறைவு. உயரமான பையனைத் தேடிப் பிடித்து டீமில் சேர்ப்போம். உயரமாக இருப்பவன் எல்லாம் நோயாளி இல்லை. ஆனால் உயரத்தோடு நீண்ட விரல், குழிந்த நெஞ்சு, சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடி, குடும்பத்தில் ஒருவர் இளவயதில் திடீரென்று போய்ச் சேர்ந்த கதை எல்லாம் சேர்ந்திருந்தால் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு ஆடட்டும். எக்கோ வலியில்லாத சோதனை. பெருந்தமனியின் அளவு அதில் தெரியும். விரிவு இருந்தால் அதன் வேகத்தைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, சரியான நேரத்தில் அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூட்டு எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடக் கூடாது. எலர்ஸ்-டான்லோஸில் உயிருக்கு மிகவும் ஆபத்தானது ரத்தக் குழாய் வகை. அதில் பெரிய மூட்டுகள் சாதாரணமாகவே இருக்கும். விரல்களின் சின்ன மூட்டுகள் மட்டும்தான் நெகிழும். பெய்ட்டன் மதிப்பெண் ஒன்றிரண்டு வந்தால் அதிகம். ஆனால் தோல் மெல்லிசாக இருந்து நெஞ்சில் நரம்பு ஓட்டம் பச்சையாகத் தெரியும். காரணமில்லாமல் நீலம் கட்டும். இளவயதிலேயே தமனியோ குடலோ கிழியலாம். 9க்கு 9 வாங்கிய நாட்டியக்காரப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமலிருக்கலாம்; 2 வாங்கியவருக்கு எல்லாம் இருக்கலாம். ஆயா வரைக்கும் போகும் பேச்சுக்கு மதிப்பு அதிகம் என்றது இதனால்தான். மதிப்பெண் மூட்டைப் பற்றி மட்டும் சொல்லும். மற்றதைக் குடும்பக் கதைதான் சொல்லும்.

அந்தக் குடும்பக் கதையில் சொந்தத்தில் கல்யாணம் பற்றிய கேள்வி நம் ஊரில் கட்டாயம் வரும். மார்ஃபானும் எலர்ஸ்-டான்லோஸின் பொதுவான வகைகளும் வருவதற்குச் சொந்தக் கல்யாணம் காரணமில்லை. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசமில்லை. மார்ஃபானில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருகிறது. "எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது, இவ பக்கத்துல இருந்துதான் வந்திருக்கு" என்று மருமகள் மேல் பழி போடுவதற்கு இதில் எந்த அடிப்படையும் இல்லை.

தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிய குடும்பங்களில் கூடுதலாக யோசிக்க வேண்டியவை வேறு. எலர்ஸ்-டான்லோஸின் சில அரிய வகைகள் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் வெளிப்படும். ஹோமோசிஸ்டினூரியா என்ற பரம்பரை நோயும் அப்படித்தான். பார்க்க மார்ஃபான் போலவே உயரம், நீண்ட விரல், இடம் மாறிய லென்ஸ். ஆனால் லென்ஸ் பெரும்பாலும் கீழ்நோக்கி நகரும், மூட்டு நெகிழ்வதற்குப் பதில் இறுகியிருக்கும், ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவைப் பார்த்தால் பிடிபடும். சிலருக்கு வைட்டமின் பி6 கொடுத்தாலே நல்ல பலன் இருக்கிறது. கண் டாக்டர் லென்ஸ் நகர்ந்திருக்கிறது என்று சொன்ன எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சோதனை விட்டுப்போகக் கூடாது.

இனி என் வேலைப் பக்கம். நெகிழும் மூட்டுள்ள பிள்ளையை நிற்கச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முழங்கால் பின்னால் வில்லாக வளைந்து பூட்டிக்கொள்ளும், வயிறு முன்னால் தள்ளும், உள்ளங்கால் தட்டையாகத் தரையில் படியும். "நேரா நில்லு" என்றால் அந்தப் பிள்ளைக்கு அதுதான் நேர். மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குப் போகும் செய்தி இவர்களில் பலருக்குத் துல்லியமாக இருப்பதில்லை. கண்ணாடி முன்னால் நிறுத்தி, முழங்காலை இம்மி அளவு முன்னால் கொண்டுவந்து, "இதுதான் நேர்" என்று காட்ட வேண்டும். சில நிமிடத்திலேயே தொடை நடுங்கும். இதுவரை லிகமெண்ட்டில் தொங்கிக்கொண்டு நின்ற பிள்ளை அன்றைக்குத்தான் தசையால் நிற்கிறது.

சிகிச்சையின் சாரம் இதற்குள் இருக்கிறது. லிகமெண்ட்டை இறுக்க மருந்து கிடையாது. விளம்பரத்தில் வரும் கொலாஜன் பவுடர் குடித்தால் மரபணு சரியாகாது. மூட்டைச் சுற்றியுள்ள தசையைப் பலப்படுத்துவதுதான் வழி. குறைந்த எடை, மெதுவான அசைவு, மூட்டை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோகாமல் செய்யும் பயிற்சி, மாதக்கணக்கில். இழுத்து நீட்டும் பயிற்சிகள் இவர்களுக்கு வேண்டியதில்லை. நாட்டியமும் யோகாவும் தொடரலாம். ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, எட்டுகிற எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்தப் பழக வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் விரலை வளைத்துக் காட்டச் சொல்வதை வீட்டில் நிறுத்துங்கள். எழுதும் பிள்ளைக்குத் தடிமனான பேனா வாங்கிக் கொடுங்கள்; பேனாவை அழுத்தும் ஆள்காட்டி விரலின் நுனி மூட்டு உள்ளே குழிந்து போகிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள், வலி எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

மூட்டு பிசகினால் சுளுக்கு எடுப்பவரிடம் ஓடும் பழக்கம் நமக்கு உண்டு. ஏற்கெனவே தளர்ந்த மூட்டைச் சொடுக்கி இழுத்தால் இன்னும் தளரும். ரத்தக் குழாய் பலவீனமானவருக்குக் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பது பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோகலாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கழுத்தில் கை வைக்க விடாதீர்கள்.

மருந்துக் கடையிலும் ஒரு கவனம் தேவை. வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்க் கடுப்புக்கும் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடும் சிப்ரோஃப்ளாக்சசின், ஒஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாத்திரைகள் தசைநாணைக் கிழிக்கலாம் என்பது பழைய எச்சரிக்கை. 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மார்ஃபான், எலர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்களுக்கு வேறு வழியிருந்தால் இவற்றைத் தரக் கூடாது, பெருந்தமனி கிழியும் ஆபத்து கூடுகிறது என்று அறிவித்தது. எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலி திடீரென்று வந்தால் வாயு என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட்டு, "மார்ஃபான் இருக்கிறது" என்ற வார்த்தையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மார்ஃபான் உள்ள பெண் கருத்தரிக்கும் முன்பே எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் பெருந்தமனிக்குப் பாரம் கூடும். அதன் விட்டம் 45 மில்லிமீட்டருக்கு மேல் போயிருந்தால், அதைச் சரிசெய்துகொள்ளும் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை இதய மருத்துவரும் சேர்ந்து கவனிக்கும் மருத்துவமனையில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஜிப்மர் மருத்துவமனை பக்கம். குழந்தை மருத்துவம், கண், இதயம், எலும்பு என்று எல்லாப் பிரிவும் கோரிமேட்டில் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த நோய்களுக்குப் பெரிய வசதி. கூட்டம் அதிகம், டாக்டரிடம் கிடைக்கும் நேரம் குறைவு. ஆகவே போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தெந்த மூட்டு எந்த வயதில் நழுவியது, தையல் போட்ட இடத்துத் தழும்பு அகலமாகப் பரவியதா, கண்ணாடி பவர் எவ்வளவு, குடலிறக்கம் இருந்ததா, நின்றால் மயக்கம் வருமா. தாத்தா பாட்டி தலைமுறை வரை யாருக்கு மூட்டு வளையும், யார் 50 வயதுக்குள் நெஞ்சு வலியில் இறந்தார்கள், யாருக்குக் கண் லென்ஸ் நகர்ந்தது என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அப்பா அம்மா சொந்தம் என்றால் என்ன உறவு என்பதையும் எழுதுங்கள். பழைய எக்ஸ்ரே, எக்கோ ரிப்போர்ட் எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும். இந்த வருட எக்கோ அளவைப் போன வருட அளவோடு ஒப்பிட்டுத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.